எம்.ஏ. படிப்புக்கு எந்த அனுபவத்தை எழுதுறது? பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொஞ்சம் பேசணும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, முக்கியமா எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைங்க வீட்ல இருக்கிறவங்க.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப ஒரு சின்ன வாக்குவாதம். நம்ம கோயில்ல தொண்டு செய்யுற பிள்ளைங்கள்ல மூணு பேர் இந்த வருஷம் மருத்துவ உதவியாளர் படிப்புக்கு முயற்சி பண்றாங்க. நாம எம்.ஏ.ன்னு சொல்ற வேலை, இப்போ பெனோலோங் பெகவாய் பெருபாத்தான்னு பேரு. மூணு வருஷ டிப்ளோமா. அரசாங்கம் வழியா போனா எஸ்.பி.ஏ. இண்டர்வியூ இருக்கு, அங்க "ஏன் இந்த வேலைக்கு வர்றே, உன் அனுபவம் ஒண்ணு சொல்லு"ன்னு கேட்பாங்க. தனியார் கல்லூரி, உபகாரச் சம்பளம் கொடுக்கிற அறவாரியம் மாதிரி இடங்கள்ல சிலது ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுது. பிள்ளைங்களுக்கு மார்க் பத்தி பயமில்லை. இந்த ஒரு பக்கம்தான் தூக்கத்தைக் கெடுக்குது. எதை எழுதுறதுன்னு தெரியலை. அதுக்குள்ள வீட்ல ஆளாளுக்கு ஒரு யோசனை.

எனக்கு இதுல என்ன தகுதின்னு கேட்கலாம். நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா ஃபேக்டரியில லைன் சூப்பர்வைசரா இத்தனை வருஷத்துல வேலைக்கு ஆள் எடுக்கிற மேசையில நிறைய தடவை உட்கார்ந்திருக்கேன். பாதுகாப்புக் கமிட்டியில இருக்கேன், விபத்து நடந்தா ரிப்போர்ட் எழுதுறதும் என் வேலைதான். மனுஷன் தன் அனுபவத்தைச் சொல்லும்போது எது நிக்கும், எது காத்துல பறக்கும்னு கொஞ்சம் தெரியும். "நான் கடின உழைப்பாளி, பொறுப்பானவன்"னு சொன்ன நூறு பேர் முகமும் எனக்கு ஞாபகம் இல்ல. "மெஷின் சத்தம் மாறிச்சு அங்கிள், எனக்கு என்னன்னு புரியலை, ஆஃப் பண்ணிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன்"னு சொன்ன பையன் இன்னைக்கும் எங்க லைன்ல இருக்கான்.

சரி, வாக்குவாதத்துக்கு வர்றேன். அந்தப் பொண்ணோட அப்பா எனக்குத் தம்பி மாதிரி. அவர் சொல்றது, பிள்ளையோட பாட்டிக்கு இனிப்புநீர்ல காலை எடுத்த கதையை எழுதணும்னு. பிள்ளைக்கு அப்போ எட்டு வயசு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா, உள்ளேகூட விடலை. பொண்ணு வேற ஒண்ணு எழுதணும்னு நினைக்கிறா. அதைக் கேட்டு அப்பா, "அண்ணே, பாட்டி காலை எடுத்ததை எழுதினா படிக்கிறவங்க கண்ணு கலங்கும். இவ எழுதுறதைப் படிச்சா கோயில் கூட்டுற வேலைக்குத்தான் எடுத்துக்குவாங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. பொண்ணு மட்டும் சிரிக்கலை.

அவ எழுத நினைச்சது இதுதான். சம்பந்தப்பட்ட பெரியவர்கிட்டயும் பொண்ணுகிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் எழுதுறேன், ஆள் தெரியாம இருக்க சிலதை மாத்தியும் இருக்கேன்.

ஒரு நாள் அன்னதானம் முடிஞ்சு மண்டபத்தைத் துடைக்கும்போது டைல்ஸ்ல ஒரு சின்ன ரத்தக் கறை. ரெண்டு அடி தள்ளி இன்னொண்ணு. அப்படியே வரிசையா போகுது. யாரோ வாழைக்காய் வெட்டும்போது கையைக் கிழிச்சிருப்பாங்கன்னு முதல்ல நினைச்சாளாம். ஆனா கறை கால் வைக்கிற தூரத்துல இருக்குன்னு கவனிச்சு, அந்த வழியிலயே போய்ப் பார்த்தா, தூண்ல சாஞ்சு ஒரு பெரியவர் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பாதத்துல ஒரு கண்ணாடிச் சில்லு. "தாத்தா, கால்ல ரத்தம் வருதே"ன்னா, அவர் காலைத் திருப்பிப் பார்த்துட்டு "அட, ஆமா. வலிக்கவே இல்லையேம்மா"ன்னார்.

பிள்ளை என்ன செஞ்சா? சில்லைப் பிடுங்கலை. ஒரு அக்கா மஞ்சள் தூள் டப்பாவோட ஓடி வந்தாங்க. "வேணாம்க்கா, கிளினிக்ல பார்த்துக்கட்டும்"னு மரியாதையா நிறுத்திட்டா. சுத்தியும் சுத்தமான துணியை வச்சுக் கட்டி, காலை நாற்காலியில தூக்கி வச்சு, பெரியவர் மகனுக்குப் போன் போட்டா. மகன் வேலையில இருந்ததால தன்னோட சித்தப்பாவைக் கூப்பிட்டு, கூடவே கிளினிக்குக்குப் போனா. அங்க பார்த்தது டாக்டர் இல்ல, எம்.ஏ. ஒருத்தர். சில்லை எடுத்தார், கழுவினார், இனிப்புநீர் அளவு பார்த்தார். அப்புறம் தூண்டில் நைலான் மாதிரி ஒரு இழையை எடுத்து, பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, பாதத்துல அங்கங்க தொட்டு "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா"ன்னு கேட்டார். பல இடத்துல பெரியவருக்குத் தெரியவே இல்ல. இனிப்புநீர் ரொம்ப நாள் கட்டுப்பாடில்லாம இருந்தா கால் நரம்பு மரத்துப் போயிடும், புண் வந்தாலும் வலிக்காது, அதனாலதான் கவனிக்காம விட்டுக் கடைசியில காலை எடுக்கிற நிலை வருதுன்னு அவர் பொறுமையா விளக்கினாராம். பிறகு டாக்டருக்கு அனுப்பி வச்சார். கட்டு மாத்த மறுபடி மூணு தடவை போனப்பவும் பிள்ளை கூடப் போயிருக்கா, ஒரு தடவை பள்ளி யூனிபார்ம்லயே.

இந்தக் கதையைத்தான் எழுதக்கூடாதுன்னு சொன்னாங்க. இதைவிட்டா வேற எதை எழுதுறதுன்னு நான் கேட்கிறேன்.

பாட்டி கதையில வலி இருக்கு, ஆனா பிள்ளை அதுல ஒண்ணும் செய்யலை. எட்டு வயசுல செய்யவும் முடியாது. படிக்கிறவங்க பாட்டிக்காக வருத்தப்படுவாங்க, பிள்ளையைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாமலேயே தாள் முடிஞ்சிடும். அதோட நம்ம நாட்டு நிலைமையையும் பாருங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இனங்கள்ல நம்ம இந்தியர்கள்தான் அதிகம். காலை இழந்த பாட்டி, டயாலிசிஸ் செய்யுற தாத்தா இல்லாத தெரு நம்மகிட்ட எங்க இருக்கு? இண்டர்வியூ செய்யுற அதிகாரி அதே நாள்ல அதே கதையை எத்தனை தடவை கேட்டிருப்பார்! ரத்தக் கறை கால் வைக்கிற தூரத்துல இருக்குன்னு பார்த்த பிள்ளையை அவர் அன்னைக்கு வேற பார்த்திருக்க மாட்டார்.

பாட்டியை விட்டுடச் சொல்லலை. "வலிக்கவே இல்லையேம்மா"ன்னு பெரியவர் சொன்னதும் பிள்ளைக்குத் தன் பாட்டி ஞாபகம் வந்திருக்கு. பாட்டியும் இதையேதான் சொல்லுவாங்களாம். அதை ஒரே ஒரு வரியில எழுதட்டும்னு சொன்னேன். அந்த இடத்துல அந்த ஒரு வரி போதும். அப்பாவுக்கு இன்னும் முழுசா திருப்தி இல்லை, அது வேற விஷயம்.

இந்த வேலை என்ன வேலைன்னு பெத்தவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சா, எந்த அனுபவத்தை எடுக்கிறதுங்கிற குழப்பம் பாதி தீர்ந்திடும். நம்மள்ல பல பேர் "டாக்டர் சீட் கிடைக்கலைன்னா எம்.ஏ."ன்னு பேசுறோம். பிள்ளையும் அதையே மனசுல வச்சுக்கிட்டுப் போய், சின்ன வயசுலேர்ந்து டாக்டராகணும்னு கனவுன்னு எழுதுது. கேட்கிறவங்களுக்கு உடனே புரிஞ்சிடும், இது ரெண்டாவது சாய்ஸ்னு. 999 அடிச்சா ஆம்புலன்ஸ்ல முதல்ல வந்து இறங்குறது பெரும்பாலும் எம்.ஏ.தான். தையல் போடுறது, மாவுக்கட்டு போடுறது, கிளினிக்ல காலையில நீண்ட வரிசையைப் பார்த்து அனுப்புறது எல்லாம் அவங்கதான். அந்த வேலைக்குக் கையும் வேணும், தன் எல்லை எதுவரைக்கும்னு தெரிஞ்ச புத்தியும் வேணும். எதை நானே செய்யலாம், எந்த நிமிஷத்துல டாக்டரைக் கூப்பிடணும்? இதுதான் அங்க ஒவ்வொரு நாளும் வர்ற கேள்வி. சில்லைப் பிடுங்காம விட்டாளே அந்தப் பிள்ளை, அது அந்தக் கேள்விக்கு நல்ல பதில்.

என் வயசுக்காரங்களுக்கு இது புதுசில்ல. பண்டார் தெங்காரா 1972-ல கெஜோரா வந்த பிறகு உருவான ஊரு. அதுக்கு முன்னாடி நம்ம குடும்பங்கள் சுத்துப்பட்ட தோட்டங்கள்ல இருந்தது. தோட்டத்துல நமக்கு டாக்டர்னா யாரு? டிரஸர்தான். காய்ச்சலுக்குக் கலர் தண்ணி மருந்து கொடுத்ததும் அவர், புண்ணுக்குக் கட்டு போட்டதும் அவர், காலையில யாருக்கு வேலைக்குப் போக முடியலைன்னு எழுதினதும் அவர்தான். பெரிய டாக்டர் எப்போவாவது ஒரு நாள் காரில் வந்துட்டுப் போவார். டிரஸர்னா சும்மா கட்டு கட்டுறவர்னு நினைச்சாங்க, ஆனா அவங்களுக்குன்னு 1965-லயே தோட்ட ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் பதிவுச் சட்டம் இருந்தது. அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கு 1977-ல பதிவுச் சட்டம் வந்தது. நல்ல டிரஸர்னு தோட்டத்துல பேர் வாங்கினவங்க எல்லாம் ஒரே குணம் உள்ளவங்க. லோரியை வரச் சொல்லி டவுன் ஆஸ்பத்திரிக்கு எப்போ ஏத்தணும்னு தெரிஞ்சவங்க. பிரசவ வலியில தாமதமானா, குழந்தைக்கு வலிப்பு வந்தா, மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டாங்க.

அந்த மூணு பிள்ளைங்களுக்கும் நான் கொடுத்த ஒரே உதவி எங்க ஃபேக்டரி விபத்து ரிப்போர்ட் பாரம் மாதிரி ஒரு தாள். எத்தனை மணி, எங்க, நீ முதல்ல என்ன பார்த்தே, என்ன செஞ்சே, என்ன செய்யாம விட்டே, யாருக்குச் சொன்னே, பிறகு என்ன ஆச்சு. இதை முதல்ல நிரப்புங்கன்னேன். இதுல "மனம் உருகியது"ன்னு எழுத ஒரு கட்டமும் கிடையாது. நிரப்ப முடியாம நின்னா, அந்த அனுபவம் உங்களுது இல்ல, நீங்க பக்கத்துல நின்னு பார்த்தது. வேற ஒண்ணைத் தேடுங்க. ஒரு பையன் தன் மாமாவுக்கு மாரடைப்பு வந்த கதையைக் கொண்டு வந்தான். ரெண்டாவது கட்டத்துலயே நின்னுட்டான். அப்புறம் யோசிச்சு யோசிச்சு, அவன் தம்பிக்கு ஆஸ்துமா, ராத்திரியில இன்ஹேலர் கொடுத்து உட்கார வச்சுக்கிட்டு இருப்பான், மூச்சு எத்தனைன்னு எண்ணி ஒரு நோட்ல எழுதி வைப்பான்னு வெளியில வந்தது. ரெண்டு வருஷ நோட்! வீட்ல யாருக்குமே அது பெரிய விஷயமா தெரியலை. டேய், அந்த நோட்டைத்தான்டா எழுதணும்னேன்.

ஆனா ரிப்போர்ட் மட்டும் பத்தாது. ரிப்போர்ட்டைப் படிச்சா என்ன நடந்ததுன்னு தெரியும், ஏன் இந்தப் படிப்புன்னு தெரியாது. அந்தப் பொண்ணுக்கு ஒரு கேள்வி பிடிச்சுக்கிச்சு, புண் இருந்தும் ஏன் வலிக்கலைன்னு. வீட்டுக்குப் போய் தேடிப் படிச்சிருக்கா, மறு தடவை கிளினிக் போனப்ப எம்.ஏ.கிட்ட அந்த நைலான் இழையைப் பத்திக் கேட்டிருக்கா. அதுக்கப்புறம் அன்னதானத்துக்கு வர்ற வயசானவங்க பாதத்தைக் கண்ணு தானா பார்க்குதாம். இந்த இடம்தான் அந்தத் தாளோட உயிர். இதை வேற யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இப்போ கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரு அம்மா, ரொம்ப நல்லவங்க, விபூதி பூசி அம்மன் அருளால ஜுரம் இறங்கினதை மகன் எழுதணும்னு ஆசைப்பட்டாங்க. நம்பிக்கை நம்மகிட்ட இருக்கு, அதை யாரும் தொட முடியாது. ஆனா அந்தத் தாள்ல கேட்கிறது உன் கை என்ன செஞ்சதுன்னு. அம்மன் செஞ்சதை எழுதினா, சீட்டை அம்மனுக்குத்தான் கொடுக்கணும். இதைச் சொன்னதும் அந்த அம்மாவே சிரிச்சிட்டாங்க.

தைப்பூசத்துல தண்ணிப் பந்தல், முதலுதவிப் பந்தல்ல நிக்கிற பிள்ளைங்களுக்கும் இது பொருந்தும். விரதம் இருந்து, வெயில்ல நடந்து மயங்கினவரை நிழல்ல படுக்க வச்சு, காலை உயர்த்தி, கூட்டத்தை விலக்கி, முதலுதவிப் படையைக் கூப்பிட்டிருந்தா அதை அப்படியே எழுதுங்க. "ஓர் உயிரைக் காப்பாற்றினேன்"னு ஏத்தி எழுத வேணாம். "நீ எப்படிக் காப்பாத்தினே, நாடித் துடிப்பு எவ்வளவு இருந்தது"ன்னு திருப்பிக் கேட்டா நாக்கு ஒட்டிக்கும். கூட்டத்தை விலக்கினதே பெரிய வேலை. காவடி கூட்டத்துல செஞ்சு பார்த்தவங்களுக்குத் தெரியும்.

யார் கதையைச் சொல்றோம்ங்கிறதும் முக்கியம். பக்கத்து வீட்டு அக்கா குடிகாரப் புருஷன்கிட்ட அடி வாங்கினது, தெரிஞ்ச பையன் மருந்து குடிச்சது, இதெல்லாம் உருக்கமா இருக்குன்னு எழுத எடுக்கிறாங்க. அது அவங்களோட வலி. நம்ம ஊரு சின்ன ஊரு, "ஒரு பெண்மணி"ன்னு எழுதினாலும் எந்த வீடுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தா நோயாளி சொன்னதை வெளியில சொல்லாம இருக்கிறதுதான் முதல் கடமை. அந்தக் கடமையை விண்ணப்பத் தாள்லயே உடைச்சிட்டு உள்ளே போறது எப்படி சரியாகும்? பேரை எடுத்துடுங்க, தெருவை எடுத்துடுங்க, முடிஞ்சா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கேட்கக் கூச்சமா இருந்தா அந்தக் கதையை எழுத வேணாம்.

இன்னொரு குடும்பத்தையும் சொல்லணும், அவங்க அனுமதியோடதான். நம்ம பக்தர் ஒருத்தரோட பேத்தி அமெரிக்காவுல இருக்கு. அங்க இதே மாதிரி வேலைக்குப் பிசிஷியன் அசிஸ்டண்ட்னு பேரு. அந்தப் பிள்ளையும் இப்போ விண்ணப்பம் போடுது. அங்க எல்லாப் பள்ளிக்கும் சேர்த்துப் பொதுவா விண்ணப்பிக்கிற இடத்துல ஒரு கட்டுரை கேட்கிறாங்க, 5,000 எழுத்துக்குள்ள, நடுவுல விடுற இடமும் அதுல கணக்கு. ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். பிள்ளை தாத்தாவுக்குப் போன் போட்டு, மூணு வாரம் லீவுல வந்தப்ப நம்ம மண்டபத்துல நடந்த மருத்துவ முகாம்ல உதவினதை எழுதப் போறேன்னு சொல்லியிருக்கு. "தொலைதூரக் கிராமத்து ஏழை மக்களுக்குச் சேவை"ன்னு தலைப்பாம். தாத்தா பெருமையா எனக்கு வாசிச்சுக் காட்டினார்.

எனக்குக் கோபம் வந்துச்சு, மறைக்கலை. பண்டார் தெங்காரா தொலைதூரக் கிராமமா? கிளினிக் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, ஓவர்டைம் செஞ்சு வீட்டுக் கடன் கட்டுற ஜனங்க இருக்கோம். அன்னைக்கு அந்தப் பிள்ளை செஞ்சது ரெண்டு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்ததும், பேர் எழுதினதும். அதுக்கு நன்றி. ஆனா அதே பிள்ளை அங்க ஒரு முதியோர் இல்லத்துல ரெண்டு வருஷமா வேலை பார்க்குது. குளிப்பாட்டுறது, படுக்கையில புரட்டிப் படுக்க வைக்கிறது, சாப்பிட மறுக்கிறவங்களுக்கு ஊட்டுறது. அதை விட்டுட்டு நம்மள ஏழையாக்கி எழுதினா யாருக்கு லாபம்?

அந்தப் படிப்பு ஆரம்பிச்ச கதையே இதுக்குப் பதில் சொல்லுது. 1965-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்புக்கு நாலு பேரை எடுத்தார். எல்லாரும் கடற்படையில மருத்துவ உதவியாளரா வேலை பார்த்து வந்தவங்க. அவங்க கையில ஏற்கெனவே வேலை இருந்தது, அதை நம்பித்தான் படிப்பையே தொடங்கினார். 1967-ல மூணு பேர் முடிச்சு வெளியில வந்தாங்க. இன்னைக்கும் அங்க பல பள்ளிகள் நோயாளிகளோட எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன்னு கணக்குக் கேட்குது. முதியோர் இல்லத்து ராத்திரி சிஃப்ட்டை எழுதச் சொல்லுங்கன்னு தாத்தாகிட்ட சொன்னேன். பிள்ளைகிட்டயிருந்து பதில் வந்திருக்கு: "அது ரொம்ப சாதாரணமா இருக்கே தாத்தா"ன்னு. சாதாரணமா இருக்கிறதாலதான் அது நிஜம்னு நானே ஒரு குரல் பதிவு அனுப்பி வச்சேன். இன்னும் நீலக்குறி வரலை.

கடைசியா டியூஷன் சென்டர்ல விக்கிற ரெடிமேட் கட்டுரை, இப்போ போன்லயே கேட்டா எழுதித் தர்ற கட்டுரை. பிள்ளைங்களுக்கு இது கைவந்த கலை, நாம தடுக்க முடியாது. எழுத்துப் பிழை பார்க்க வச்சுக்கட்டும், நல்ல மலாய்க்கு மாத்த வச்சுக்கட்டும். ஆனா ஆஸ்துமா நோட்டும் டைல்ஸ் மேல ரத்தக் கறையும் அதுக்குத் தெரியாது. அதைப் பிள்ளைதான் சொல்லணும். அதுவும் இண்டர்வியூல "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு ஒரு கேள்வி கேட்டா, தான் செஞ்சதைத்தான் தடுமாறாம சொல்ல முடியும்.

வர்ற ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு, பசியாறி முடிச்சு, மண்டபத்துப் பின்பக்க மேசையில நான் உட்கார்ந்திருப்பேன். கூடவே ஓய்வு பெற்ற எம்.ஏ. ஒருத்தரும் வர்றேன்னு சொல்லியிருக்கார், இண்டர்வியூ மாதிரியே கேள்வி கேட்பார், மலாய்லதான் கேட்பார், பயப்பட வேணாம். விபத்து ரிப்போர்ட் மாதிரி அந்தத் தாளை இருபது காப்பி எடுத்து வைக்கிறேன். பிள்ளைங்க பேனாவோட வாங்க. அப்பா அம்மா பக்கத்துல உட்காராம, அந்த நேரத்துல தோரணம் கட்ட ஆள் வேணும், அங்க போயிடுங்க.